மாத்திரை சாப்பிட்டும் இரும்பு ஏறவில்லையா? சீலியாக் சந்தேகம் உள்ள பதின்ம வயதுப் பிள்ளைகளின் ரத்த ரிப்போர்ட்டைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எந்நேரமும் சோர்ந்து கிடந்தால், வீட்டில் சொல்லப்படும் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும்: மாதவிடாய், டியூஷன், கீரையைத் தொடாதது. மூன்றுமே நியாயமான காரணங்கள்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தால் இரும்புச்சத்து குறைவு என்று வரும், டாக்டர் மாத்திரை எழுதுவார், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அத்தோடு சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட பிறகும் எண் அசையாது. அங்கேதான் "சாப்பிட்ட இரும்பு எங்கே போகிறது?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு உள்ள பதில்களில் ஒன்று சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளுட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். நாம் சாப்பிடும் இரும்பில் பெரும்பகுதி உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கமான டுவோடினத்தில். சீலியாக் பெரும்பாலும் தாக்குவதும் அதே இடத்தைத்தான். அதனால்தான் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் இல்லாமல், தீராத ரத்தசோகை ஒன்றே அடையாளமாக வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்கு எங்கே?" என்று சிலர் கேட்பார்கள். 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு இதற்கு நல்ல பதில். வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்குச் சீலியாக் இருந்தது, தென்னிந்தியாவில் 0.10 பேருக்குத்தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது. பெரிய வேறுபாடு கோதுமை சாப்பிடும் அளவில். இப்போது மொரீஷியஸில் நம் பிள்ளைகளின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள்: காலையில் ரொட்டிக்குள் வெண்ணெயும் காத்தோ பிமாவும் (பருப்பு வடை), மதியம் பள்ளிக்கு வெளியே இரண்டு தால்பூரி, ராத்திரி ஃபராட்டா இல்லையென்றால் மின் ஃப்ரிர் (வறுத்த நூடுல்ஸ்). மரபணு தஞ்சாவூர்ப் பக்கத்தது, தட்டில் இருப்பதோ வட இந்தியாவுக்குச் சளைக்காத கோதுமை. இதை வைத்து இங்கே இத்தனை பேருக்கு நோய் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் "நமக்கெல்லாம் வராது" என்று ஒதுக்கவும் முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால்: கோதுமையை நிறுத்திவிடாதீர்கள்

சந்தேகம் வந்த அன்றே வீட்டில் ரொட்டியை நிறுத்திவிடுவது பெற்றோரின் இயல்பு. இந்த விஷயத்தில் அது கெடுதல். சீலியாக்கைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை, குளுட்டன் உள்ளே போவதால் உடல் கிளப்பிவிடும் எதிர்ப்பொருள்களைத் தேடுகிறது. குளுட்டனை நிறுத்தினால் அந்த எதிர்ப்பொருள்கள் மெல்லக் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் "இல்லை" என்று ரிப்போர்ட் வரும். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளுட்டன் உள்ள உணவைக் கொடுத்த பிறகே சோதிக்கச் சொல்வார்கள். ஆறு வாரம் பிள்ளையை வேண்டுமென்றே கஷ்டப்படுத்துவதை விட, முதலிலேயே ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது.

முதல் படி: எந்தெந்தச் சோதனை, எப்போது

வெறும் "இரும்பு டெஸ்ட்" என்று கேட்டால் சில லேபில் ரத்தத்தில் ஓடும் இரும்பை மட்டும் அளந்து கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு எண் தனியாக எதற்கும் உதவாது. காலையில் ஒன்று காட்டும், மாலையில் வேறொன்று காட்டும், முந்தின நாள் மாத்திரை விழுங்கியிருந்தால் எகிறிவிடும். கேட்க வேண்டியது இவை: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பு), சீரம் இரும்பு (ரத்தத்தில் ஓடும் இரும்பு), டி.ஐ.பி.சி. (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது), கூடவே சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் எண்). சீலியாக் சந்தேகம் இருந்தால் ஃபோலேட், பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும், சீலியாக்கைக் காட்டிக்கொடுக்கும் டிடிஜி ஐஜிஏ எதிர்ப்பொருள், மொத்த ஐஜிஏ (ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை) இரண்டையும் அதே ஊசியில் எடுத்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இலவசம். வெளியில் எடுப்பதானால் எது எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கை இறுக்கமாக இருந்தால் முதலில் முழு ரத்த எண்ணிக்கையும் ஃபெரிட்டினும், பிறகு மற்றவை என்று டாக்டரோடு பேசி வரிசைப்படுத்தலாம்.

காலையில் ரத்தம் கொடுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முந்தின நாள் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல், சளி, பல் வீக்கம் இருக்கும்போது போகாதீர்கள், குணமாகி இரண்டு மூன்று வாரம் போகட்டும். ஏன் என்று கீழே வரும்.

இரண்டாம் படி: ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்ப்பது

ஃபெரிட்டின் வீட்டில் உள்ள அரிசி டப்பா, ஹீமோகுளோபின் தட்டில் விழும் சோறு. டப்பா காலியாகிக்கொண்டே வந்தாலும் கடைசிப் பிடி தீரும்வரை தட்டில் சோறு விழுந்துகொண்டுதான் இருக்கும். ஹீமோகுளோபின் நார்மல் என்பதை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்வதில் உள்ள கோளாறு இதுதான். ரத்தசோகை வருவதற்கு முன்பே களைப்பு, முடி உதிர்தல், கவனம் சிதறுதல், ஐஸ் கட்டி கடிக்கும் ஆசை எல்லாம் வரலாம்.

ஹீமோகுளோபினுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லைக்கோடு: 12 முதல் 14 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் டெசிலிட்டருக்கு 12 கிராம். 15 வயதுக்கு மேல் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. இதற்குக் கீழே போனால் ரத்தசோகை. சில லேபில் லிட்டர் கணக்கில் 120, 130 என்று இருக்கும், பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பையன்கள் விஷயத்தில் ஒரு கவனம்: 16 வயதுப் பையனுக்கு 12.4 இருந்தால் அது குறைவு. பெண்களுக்கான எல்லையை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களின் கண்ணுக்கு அது தப்பிவிடும். மாதவிடாய் என்ற காரணமும் அவனுக்கு இல்லை. ஆகவே பதின்ம வயதுப் பையனுக்கு இரும்பு குறைந்தால் காரணத்தை இன்னும் கறாராகத் தேட வேண்டும்.

ஃபெரிட்டினுக்கு, உடம்பு நன்றாக இருக்கும் நேரத்தில், லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று அச்சிட்டிருந்தாலும் எண் அதேதான், மாற்ற வேண்டியதில்லை. பல டாக்டர்கள் 30-க்குக் கீழேயே குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஏனென்றால் லேப் ரிப்போர்ட்டில் "நார்மல் 10 முதல் 150 வரை" என்பது போல அகலமான எல்லை அச்சாகியிருக்கும். அந்த எல்லைக்குள் 12 வந்தால் பக்கத்தில் எந்த அடையாளமும் இருக்காது, யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

ஃபெரிட்டினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உடம்பில் எங்காவது தொற்றோ அழற்சியோ இருந்தால் கையிருப்பு இல்லாதபோதும் அது ஏறிக்கொள்ளும். அதைப் பிடிக்கத்தான் சி.ஆர்.பி. சி.ஆர்.பி. உயர்ந்திருக்கும்போது பதின்ம வயதினருக்கு ஃபெரிட்டின் 70-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவாக இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஃபெரிட்டின் 38, சி.ஆர்.பி. 24 என்று வந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. குணமான பிறகு மறுபடி எடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபெரின் செறிவு இங்கே கைகொடுக்கும்: சீரம் இரும்பை டி.ஐ.பி.சி.யால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. 16 சதவீதத்துக்குக் கீழே போனால் எலும்பு மஜ்ஜைக்குப் போதிய இரும்பு போகவில்லை என்று பொருள்.

மூன்றாம் படி: அணுக்களின் அளவு சொல்லும் கதை

இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப் பிறக்கும். அந்த அளவுதான் எம்.சி.வி. பதின்ம வயதில் 80-க்குக் கீழே என்றால் சிறியவை. எல்லா அணுவும் ஒரே அளவில் இல்லாமல் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்தால் ஆர்.டி.டபிள்யூ. 14.5-க்கு மேல் ஏறும். இரும்புக் குறைவில் தட்டணுக்கள் கூடுவதும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் எம்.சி.வி. குறைவதற்கு இன்னொரு காரணமும் அரிதல்ல: தலசீமியா மைனர். அது ஒரு மரபுக் கூறு, அதனால் மட்டும் இரும்பு குறையாது. அதில் அணுக்கள் மிகச் சிறியவை, ஆனால் எண்ணிக்கை அதிகம். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம், மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கம். இது ஒரு குறிப்புதான், தீர்ப்பு அல்ல. உறுதி செய்ய ஹீமோகுளோபின் ஏ2 பார்க்க வேண்டும், அதையும் இரும்பு நிரம்பிய பிறகு பார்ப்பது நல்லது. இரும்புக் குறைவு ஏ2-வைக் குறைத்துக் காட்டி ஆளை ஏமாற்றும். தலசீமியா மைனர் உள்ள பிள்ளைக்கு ஃபெரிட்டின் பார்க்காமலே வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பது தேவையற்றது.

சீலியாக்கில் இதை விட நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. குடல் பழுதானால் இரும்போடு ஃபோலேட்டும் போகும். இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும், ஃபோலேட் குறைந்தால் அணு பெரிதாகும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் சராசரி எடுக்கும்போது எம்.சி.வி. 84, 86 என்று நார்மலாக வந்து உட்காரும். சராசரி அழகாக இருக்கும், ஆர்.டி.டபிள்யூ. மட்டும் 17, 18 என்று காட்டிக்கொடுக்கும். எம்.சி.வி. நார்மல், ஆர்.டி.டபிள்யூ. அதிகம், ஹீமோகுளோபின் குறைவு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் ஃபோலேட்டையும் பி12-ஐயும் பார்க்காமல் விடாதீர்கள்.

ஒரு கற்பனை ரிப்போர்ட்டைப் படித்துப் பார்ப்போம். 15 வயதுப் பெண். ஹீமோகுளோபின் 10.8. சிவப்பணு 4.4. எம்.சி.வி. 74. ஆர்.டி.டபிள்யூ. 17. ஃபெரிட்டின் 9. சி.ஆர்.பி. 2. சீரம் இரும்பு 5, டி.ஐ.பி.சி. 78, இரண்டும் லிட்டருக்கு மைக்ரோமோல். சி.ஆர்.பி. அமைதியாக இருப்பதால் ஃபெரிட்டின் 9-ஐ அப்படியே நம்பலாம். 5-ஐ 78-ஆல் வகுத்தால் செறிவு 6 சதவீதம் சொச்சம். 74-ஐ 4.4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17, ஆகவே தலசீமியா பக்கம் சாயவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத இரும்புக் குறைவு ரத்தசோகை. ஏன் என்பதைப் பற்றி மட்டும் இந்தத் தாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காம் படி: மாத்திரை சொல்லும் பதில்

இரும்பு மாத்திரை வேலை செய்கிறதா என்பது நீண்ட காலம் காத்திருந்து பார்க்க வேண்டிய விஷயம் இல்லை. ஒழுங்காகச் சாப்பிட்டால் நான்கு வாரத்துக்குள் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஹீமோகுளோபின் நார்மல் ஆன பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும். களைப்பு போனதும் பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் திரும்பி வருகிறார்கள்.

ஏறவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது, பிள்ளை உண்மையிலேயே மாத்திரையை விழுங்குகிறதா என்று. திட்டாமல் கேளுங்கள். குமட்டல், மலச்சிக்கல், கருத்த மலம் இவற்றுக்குப் பயந்து டிராயரில் மாத்திரையைச் சேர்த்து வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. (அந்த டிராயர் தம்பி தங்கைகளுக்கு எட்டாமல் இருக்கட்டும். சிறு குழந்தை இரும்பு மாத்திரைகளை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.) அப்புறம் டீ. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் பால் டீ குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் விடாப்பிடியானது, அது இரும்பை உறிஞ்ச விடாது. ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். எலுமிச்சையோ கொய்யாவோ கூட இருந்தால் நல்லது. மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் சிலருக்கு வயிறு ஒத்துக்கொள்ளும், உறிஞ்சுவதும் குறைவதில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு மாற்றலாம்.

மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை பேட், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா என்று எழுதிக் கொண்டுபோனால் டாக்டருக்குப் பேச்சு சுருக்கமாகும். சைவம் சாப்பிடுவதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. நெடுநாள் சைவ உணவில் கவனம் இல்லாவிட்டால் இரும்பு குறையலாம், உண்மைதான். ஆனால் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்ததால் ஃபெரிட்டின் 9-க்கு இறங்காது. கையிருப்பு கரைவது மாதக்கணக்கில் நடக்கும் வேலை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் எண் அசையவில்லை என்றால் குடலைச் சந்தேகிக்க வேண்டியதுதான். வாய்ப்புண் திரும்பத் திரும்ப வருவது, உயரம் நின்றுபோவது, வயதுக்கு வருவது தள்ளிப்போவது, பல் எனாமலில் குறை, கல்லீரல் சோதனையில் ஏ.எல்.டி. கொஞ்சம் கூடியிருப்பது, டைப் 1 சர்க்கரை நோய், தைராய்டு நோய், வீட்டில் யாருக்காவது சீலியாக். இவற்றில் ஒன்று இருந்தாலும், மாத்திரையின் பதிலுக்குக் காத்திருக்காமல் எதிர்ப்பொருள் சோதனையைக் கேட்கலாம்.

ஐந்தாம் படி: டிடிஜி ரிப்போர்ட்

இதில் இரண்டு எண்கள். டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ. இரண்டாவது இல்லாமல் முதலாவதை நம்பக் கூடாது. சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ உற்பத்தி இல்லை, சீலியாக் உள்ளவர்களிடம் இது மற்றவர்களை விட அதிகம். ஐஜிஏ-வே இல்லாதவரிடம் டிடிஜி ஐஜிஏ தேடினால் "இல்லை" என்றுதான் வரும். அவர்களுக்கு ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை வேண்டும்.

நேர்மறையாக வந்தால், எவ்வளவு மடங்கு என்று பாருங்கள். லேபின் மேல் எல்லையைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறொரு நாள் எடுத்த ரத்தத்தில் எண்டோமைசியல் எதிர்ப்பொருளும் (சீலியாக்கைக் காட்டும் இன்னொரு எதிர்ப்பொருள்) நேர்மறை என்றால், பிள்ளைகளுக்கு எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) இல்லாமலே சீலியாக் என்று உறுதி செய்யலாம் என்கிறது ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய்ச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். அதைக் குடல் நோய் நிபுணர்தான் சொல்ல வேண்டும், பெற்றோர் அல்ல. நம் கற்பனைப் பெண்ணுக்கு எல்லை 10, டிடிஜி 86 என்று வைத்துக்கொள்வோம். 8.6 மடங்கு. நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம், ஆனாலும் எண்டோஸ்கோபி தேவை. டுவோடினத்தின் தொடக்கக் குமிழிலிருந்து ஒரு துணுக்கும் அதற்கு அடுத்த பகுதியிலிருந்து நான்கு துணுக்குகளுமாவது எடுப்பார்கள். சேதம் திட்டுத் திட்டாக இருப்பதால் ஒரே துணுக்கு போதாது. அதே எண்டோஸ்கோபியில் ஹெலிகோபாக்டர் கிருமியையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், அதுவும் இரும்பைக் குறைக்கும்.

எதிர்மறையாக வந்து, மொத்த ஐஜிஏ நார்மல், பிள்ளை தினமும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்றால் சீலியாக் இருக்க வாய்ப்பு குறைவு. அப்போது குடல் அழற்சி நோய், கொக்கிப் புழு, கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவு என்று டாக்டர் வேறு பக்கம் தேடுவார். சீலியாக்குக்கு இடம் கொடுக்கும் டிகியூ2, டிகியூ8 மரபணுக்களுக்கான சோதனை சிலருக்கு உதவும்: இரண்டும் இல்லை என்றால் சீலியாக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இருந்தால் ஒன்றும் நிரூபணமாகாது, நோயே இல்லாத ஏராளமானவர்களுக்கும் அது உண்டு.

மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, மயக்கம், மாத்திரை தொடங்கும் முன்பே கருத்த மலம், எடை சரிவது, அல்லது ஹீமோகுளோபின் 7 பக்கம் இறங்குவது: இவற்றில் எது இருந்தாலும் இந்தப் படிகளையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறாம் படி: உறுதியான பிறகு எண்கள் எப்படி நகரும்

குளுட்டனை விட்டதும் குடல் ஆறத் தொடங்கும், இரும்பும் மெல்ல ஏறும். பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பிடிக்கும். ஆரம்பத்தில் மாத்திரையும் தேவைப்படும், குடல் மிகவும் மோசம் என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்ப்பது வழக்கம். டிடிஜி இறங்கிக்கொண்டே வர வேண்டும், நார்மலாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இரும்பு ஏறாமல் டிடிஜியும் இறங்காமல் நின்றால், எங்கிருந்தோ குளுட்டன் உள்ளே போகிறது.

நம் சமையலறையில் அது ஒளிந்திருக்கும் இடங்கள் சில. கூட்டுப் பெருங்காயத்தில் பல பிராண்டுகள் கோதுமை மாவு சேர்க்கின்றன, டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். ரசம், சாம்பார் வழியாகத் தினமும் உள்ளே போவது அதுதான். ரவா கேசரி, சேமியா பாயசம் இரண்டும் கோதுமை. பருப்பில் செய்த காத்தோ பிமா தப்பில்லை, ஆனால் சமோசா பொரித்த அதே எண்ணெயில் போட்டால் தப்பு. மின் ஃப்ரிரில் நூடுல்ஸ் மட்டுமல்ல, சோயா சாஸிலும் கோதுமை உண்டு. மால்ட் பானங்களில் பார்லி. வாழை இலையில் பரிமாறும் செத் காரி (ஏழு கறி விருந்து) சோறும் கறியும் பெரும்பாலும் சிக்கலில்லை, பெருங்காயத்தையும் பூரியையும் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இட்லி, தோசை, அரிசி மாவில் செய்த புட்டு தாராளமாகச் சாப்பிடலாம். முருங்கைக் கீரையை எலுமிச்சையோடு கொடுங்கள், ஆனால் ஃபெரிட்டின் 9-ஐக் கீரை மட்டும் தூக்கி நிறுத்தாது.

பிள்ளைக்குச் சீலியாக் உறுதியானால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, அப்பா, அம்மா எல்லோரும் டிடிஜியும் மொத்த ஐஜிஏ-வும் பார்த்துக்கொள்ள வேண்டும். நெருங்கிய ரத்த உறவில் பத்துப் பேரில் ஒருவர் அளவுக்கு அது இருக்கலாம், அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. ஃபெரிட்டின் நன்றாக இருக்கிறது என்பதால் அவர்களை விட்டுவிட வேண்டாம். இப்போது எதிர்மறையாக வந்த தம்பிக்குச் சில வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், எப்போது என்று டாக்டரிடமே தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அவன் ரொட்டி சாப்பிடலாம்.